அம்மா ஓடிய ஜீப்

எங்கள் பக்கத்தில் வாகனத்தை யாரும் ஓட்டுவதில்லை, ஓடுவார்கள். லொறி ஓடுகிறவர் என்று குருக்கள்மடத்தில் எவரிடம் கேட்டாலும் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். நெல் ஆலையின் லொறியை அப்பா பன்னிரண்டு வருடம் ஓடினார். எங்கள் வீட்டு வளவுக்குள் லொறியை எடுக்கும்போது என்னை மடியில் வைத்துச் சுக்கானைப் பிடிக்க விடுவார். உலகத்திலேயே பெரிய வாகனத்தை நான்தான் கிறுக்குகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கிறுக்குவது என்றால் எங்கள் பேச்சில் திருப்புவது.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், ஒரு காலையில் லொறியோடு போன அப்பா மூன்று நாள் வரவில்லை. நாலாம் நாள் நடந்து வந்தார். வலது கணுக்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. லொறி பிறகு வரவேயில்லை. இறங்கும்போது வழுக்கிவிட்டது என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவுமில்லை. அம்மா கேட்டதை நான் காணவுமில்லை. அடுத்த மாதம் ஆலை முதலாளி கதவைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். போகும்போது, கொட்டிலுக்குள் கிடக்கிற சின்ன ஜீப்பை வைத்துக்கொள் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

அதை ஜீப் என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். மேல்கூரை கிழிந்து தொங்கியது. பின் ஆசனத்தில் இரண்டு கோழிகள் அடைகாத்தன. நிலத்தகட்டில் இருந்த ஓட்டையால் புல் முளைத்து உள்ளே வந்திருந்தது. "நாலு சில்லும் இழுக்கிற சாமான் இது, சேத்துக்குள்ள போட்டாலும் ஏறி வரும்" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். அப்போது அதன் நாலு சில்லுகளில் ஒன்றிலும் காற்று இல்லை.

அப்பா கதிரையில் இருந்து, காலை வாங்கில் நீட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, அம்மாதான் அதைத் திருத்தினார். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறவர். தையல் மெஷினைத் தானே கழற்றிப் பூட்டிப் பழக்கப்பட்ட கை. காபரேட்டரைக் கழற்றி, சீருடைத் துணியில் மிஞ்சிய வெள்ளைத் துண்டில் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி வைத்தார். கோழி வந்து ஒரு சின்ன ஆணியைக் கொத்திக்கொண்டு ஓட, நாங்கள் மூவரும் அந்தக் கோழியைத் துரத்தியது தனிக்கதை. மூவரும் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அப்பா கதிரையில் இருந்துதான் துரத்தினார்.

"மெஷினுக்கும் இதுக்கும் பெரிசா என்ன வித்தியாசம்? இது கொஞ்சம் கூட எண்ணெய் குடிக்கிது" என்பார் அம்மா. நெல் மூடுகிற படங்கை வெட்டிக் கூரை தைத்தார். ஆசனத்துக்குள் தும்பு திணித்தார். நிலத்து ஓட்டையைப் பிஸ்கற் தகரத்தால் அடைத்தார். சண்டைக்காலம், பற்றரி வாங்குவதற்கு ஆமியின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். கடிதம் தருகிறவரைத் தேடி மூன்று தடவை போய் நாலாம் தடவை எடுத்து வந்தார். கடைசியாக, சிவப்புச் சீத்தைத் துணியில், ஓடப் பழகுகிறவர் என்று காட்டுகிற ஆங்கில எல் எழுத்தை வெட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் கட்டினார். அதன் ஓரத்தை மடித்துத் தைத்திருந்தார், நூல் பிரியக்கூடாது என்று.

அம்மா ஓடப் பழகியது வாவிக்கரைத் தென்னந்தோப்பில். தலையணை போட்டு இருந்தால்தான் முன்னுக்குத் தெரியும். பக்கத்தில் அப்பா, ஊன்றி நடக்கிற பொல்லுடன் இருப்பார். நான் பின்னால்.

"கிளச்ச மெதுவா விடு புள்ள."

"மெதுவாத்தானே விடுறன்."

"கிறுக்கு. கிறுக்கு. மற்றப் பக்கம் கிறுக்கு!"

மற்றப் பக்கம் எது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஜீப் தென்னையில் போய் மோதியது. முன் தகடு உள்ளே போயிற்று. மரத்திலிருந்து இரண்டு தேங்காய் விழுந்தன. அம்மா இறங்கி, தேங்காய்களை எடுத்து ஜீப்பில் வைத்துவிட்டு, மறுபடி ஏறி இருந்தார்.

எனக்கோ வெட்கமாக இருந்தது. அப்பாவின் வீக்கம் எப்போதோ வற்றிவிட்டது. ஆனாலும் பொல்லில்லாமல் அவர் நடக்கவில்லை. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "உன்ட அம்மா ஓடுறா, உன்ட அப்பா பொம்பிள மாதிரிப் பக்கத்துல இரிக்காரு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பின்நேரம், அம்மா எங்கள் வளவிலிருந்து வாவிக்கு இறங்கும் சரிவில் ஜீப்பை நிறுத்திவிட்டு, வழியில் நின்ற மாட்டை விரட்டப் போனார். அப்பா வளவு வாசலில் கதிரையில் இருந்தார். நான் முன்னால் ஏறி, சுக்கானைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு கைப்பிரேக்கை விட்டுப் பார்த்தேன். ஜீப் சத்தமே போடாமல் வாவியை நோக்கி உருளத் தொடங்கியது. "அப்பா!" என்று கத்தினேன்.

அப்பா ஓடி வந்தார். பொல்லு ஒரு பக்கம் பறந்தது. இரண்டு காலாலும், பந்தயத்தில் ஓடுகிற ஆள் போல ஓடி வந்து, தாவி ஏறி, பிரேக்கை இழுத்தார். முன் சில்லுகள் தண்ணீருக்குள் நின்றன. நான் தண்ணீரைப் பார்க்கவில்லை; அவருடைய காலைப் பார்த்தேன். அம்மாவும் வந்துவிட்டார். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். ஆனால் அவர்கள் இருவரும் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார்கள். தெருவில் எவருமில்லை. அதன் பிறகு அப்பா பொல்லை எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டு போய்க் கதிரையில் இருந்தார்.

"உங்களுக்குக் கால் சுகம்தானே?" என்று இரவு சாப்பிடும்போது கேட்டேன்.

"அது பயத்துல ஓடினது மனே" என்றார். மகளையும் அவர் மனே என்றுதான் கூப்பிடுவார். "இப்ப நோகுது."

பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேலைக்குப் போகச் சோம்பல்பட்டு, அம்மாவை ஓட வைத்துவிட்டு, இவர் சும்மா இருக்கிறார். எட்டு வயதில் நான் கண்டுபிடித்த உண்மை அதுதான்.

மாசி மாத அறுவடை முடிந்ததும் அக்கரைக்குப் போக வேண்டி வந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரை வட்டையில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயல் இருந்தது. எங்கள் பங்கு நெல் அங்கே மூட்டையாகக் கிடந்தது. வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். பலகை இரண்டைப் போட்டு அதில் வாகனத்தை ஏற்றிக் கொண்டுபோவார்கள். இக்கரையில் நின்ற ஆமிக்காரர்கள் அம்மா ஜீப்போடு வருவதைக் கண்டு சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். அப்பாவின் பொல்லையும் காலையும் பார்த்துவிட்டு, போகச் சொன்னார்கள்.

நாலு மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மழை பெய்திருந்தது. வண்டில் தடம் முழுக்கச் சேறு. அதில் ஒரு கை உழவு இயந்திரம் பின்னால் பூட்டிய பெட்டியோடு புதைந்து நின்றது. அதன் சொந்தக்காரர் எங்கள் கரையில் இருக்கிற களுதாவளை ஆள். முழங்கால் வரை சேற்றோடு நின்று, கையை ஆட்டினார். அம்மா சின்னக் கியரைத் தட்டி நாலு சில்லையும் இழுக்க விட்டு, கயிறு போட்டு அவரை வெளியே எடுத்தார். அந்த ஜீப் செய்த முதல் உருப்படியான வேலை அது. அம்மாவின் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தங்கச்சி, ஆம்பிளையள் தோத்துப்போவாங்க" என்றார் அவர். பெட்டியில் வைத்திருந்த கொய்யாப்பழம் ஒன்றை எனக்குத் தந்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் துறைவரைக்கும் வந்தார்.

அக்கரைத் துறையான அம்பிளாந்துறையில் பாதைக்குக் காத்து நின்றபோது, தோளில் துவக்கோடு இரண்டு இயக்கப் பெடியன்கள் வந்தார்கள். மூத்தவனுக்கே பதினெட்டுக்கு மேல் இராது. அப்பாவைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணன், நீங்க மில் லொறி ஓடினவர்தானே? ரெண்டு நாள் வேலையொண்டு இரிக்கி. டிரைவர் ஒராள் வேணும்."

"ஏலாது தம்பி. காலப் பாருங்க" என்றார் அப்பா.

அவன் காலைப் பார்த்தான். பொல்லைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அப்பாக்கு ஓட ஏலாதா தங்கச்சி?"

வகுப்புப் பிள்ளையின் முகம் என் கண்ணுக்குள் வந்தது. "எங்கட அப்பா நல்லா ஓடுவாரு" என்றேன். "அண்டைக்கும் ஓடினவரு. நான் கண்டனான்."

காலால் ஓடியதைத்தான் சொன்னேன். அவன் ஜீப் ஓடியதாக எடுத்துக்கொண்டான். அப்பா பொல்லை இரண்டு கையாலும் பிடித்தார். அதற்குள் அம்மா ஜீப்பிலிருந்து குதித்து முன்னுக்குப் போய் நின்றார்.

"ஓம் தம்பி, ஓடினவருதான். ஓடின அழகை வந்து பாருங்க" என்று நெளிந்த தகட்டைக் காட்டினார். "பிரேக்க மிதிக்கக் கால் கேக்காம தென்னையில கொண்டுபோய் அடிச்சவரு. புள்ளை செத்திருக்கும். அண்டைக்குத்தான் நான் சுக்கானைப் பறிச்சது. பொம்பிள எனக்கு இது தேவையா தம்பி?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு நன்றாக வெட்கப்பட்ட ஒருவரை நான் பிறகு கண்டதில்லை. 'மோதியது நீங்கதானே' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது.

"அப்ப நீங்க ஏத்துங்க அக்கா, பாப்பம்" என்றான் அவன்.

பலகை நனைந்திருந்தது. முன் சில்லு ஏறியதும் இயந்திரம் நின்றுவிட்டது. ஜீப் பின்னால் வழுக்கியது. அப்பாவின் கை கைப்பிரேக்குப் பக்கம் போய், பாதியில் நின்று, திரும்பி மடிக்கு வந்தது. அம்மா பிரேக்கை மிதித்துக்கொண்டு கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். அந்தப் பெடியன்தான் ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கிப் பின் சில்லுக்கு அண்டை கொடுத்தான். "பயப்பிடாம எடுங்க அக்கா" என்றான். அம்மா மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளச்சை மெதுவாக விட்டார், உண்மையிலேயே மெதுவாக. ஜீப் ஏறி நின்றது. பாதைக்காரர்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். நானும் கைதட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது அந்த இருவரும் உழவு இயந்திரக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஏதோ சொன்னார், பிறகு தலையாட்டினார். பெட்டிக்குள்ளிருந்த தயிர்முட்டியை எடுத்துக்கொண்டு பலகை வழியாக எங்களிடம் வந்தார்.

"இத வீட்ட குடுத்திருங்க தங்கச்சி. கோயிலுக்குப் பின்னால ரெண்டாவது வளவு. ரெண்டு நாள்ல வாறன் எண்டு சொல்லுங்க." அப்பாவைப் பார்த்து, "கால் கவனம் அண்ணன்" என்றார்.

அவர் பதினோராம் நாள், மெலிந்து, இயந்திரம் இல்லாமல் திரும்பி வந்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் இக்கரையில் ஆமியும் அக்கரையில் இயக்கமும் டிரைவர்களைத் தேடினார்கள். எவர் கூப்பிட்டாலும் இரண்டு நாள் என்றுதான் சொன்னார்கள். திரும்பி வராதவர்களும் இருந்தார்கள். லொறியோடு பிடிபட்டுப் போன அப்பா நாலாம் நாள் தப்பி வந்தபோது, இனி அவருக்குக் கால் சுகமாகக் கூடாது என்று அம்மாதான் முடிவெடுத்தாராம். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொல்லக் கேட்டது.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் ஜீப் முதன்முறை தார் ரோட்டில் போகிறது என்பதுதான். தயிர்முட்டி என் மடியில் இருந்தது. வேறு வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போயின. களுதாவளைக்குப் போகும்வரை அப்பா ஒரு தடவைகூட 'கிறுக்கு' என்று சொல்லவில்லை.

அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வாகனத்தைக் கண்டதும் யாரோ விருந்தாட்கள் என்று நினைத்து, சேலைத்தலைப்பில் கையைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டு வந்தார். அம்மா தயிர்முட்டியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். இருவரும் படலைக்குள் நின்று பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் முட்டியை நிலத்தில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திவிட்டார். அம்மாவும் மண்ணில் இருந்தார்.

அப்பா இறங்கவில்லை. அந்த வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை.

"இறங்கி வாங்க அப்பா. இஞ்ச ஆரும் பார்க்கல்ல" என்றேன் மெதுவாக. "நடந்து வாங்க. நான் ஆருக்கும் சொல்லமாட்டன். இஞ்சயுமா நடிக்கிற?"

"நடிக்கல்ல மனே" என்றார் அப்பா. "இப்ப உண்மையாவே ஏலாம இரிக்கி."

அவருடைய குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் நம்பிவிட்டேன். எந்தக் கால் என்று கேட்டேன், அவர் சொல்லவில்லை. ஆகவே அவருடைய காலடியில், பிஸ்கற் தகரத்தின் மேல் குந்தி, வீட்டுக்கு வந்து சேரும்வரை இரண்டு கால்களையும் மாறி மாறிப் பிடித்துவிட்டேன். விடியச் சுகமாகிவிடும் என்று அவருக்கு ஆறுதலும் சொன்னேன்.