வெர்னாவின் வெள்ளிக்கிழமைக் கேள்விகள்

வெர்னா லிண்ட்க்விஸ்ட் எங்கள் கணுக்காலில் டேப் சுற்றும்போது ஏதாவது கேட்பார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும். மற்ற நாட்களில் அவர் வாயிலிருந்து "காலை நீட்டு", "சரி, இறங்கு" தவிர வேறெதுவும் வராது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் முந்தின நாள் மதியம் நாங்கள் ஒவ்வொருவராக அந்த உயரமான மேசையில் ஏறி உட்காருவோம். தங்கச்சி பல்லுக்குக் கம்பி போட்டாளே, கழற்றியாச்சா என்று ஒருவனிடம் கேட்பார். உன் அறைக்காரன் ஹீட்டர் மேல் என்ன காயப்போட்டான் என்று இன்னொருவனிடம். பதிலைக் கேட்டுக்கொள்வார், சிரிக்கக்கூட மாட்டார், அடுத்த காலைப் பிடிப்பார். நான்கு வருடமும் இதைப் பார்த்தேன். எதையும் அவர் எழுதி வைத்ததில்லை.

ஊர் வம்பில் ஆசை உள்ள பெண்மணி என்றுதான் முதலில் நினைத்தேன்.

பைன் ஃபோர்க் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அவர்தான் டிரெய்னர். எங்கள் காயங்களுக்குப் பொறுப்பு அவர். பிறந்தது அதே ஊரில். அப்பா காகித ஆலையில் இருந்தார். கணவர் ஆர்னி குளிர்காலத்தில் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவார், கோடையில் படகு எஞ்சின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லை. வெர்னா குள்ளம். மைதான ஓரத்தில் எங்கள் முன்வரிசைத் தடியன்களுக்கு நடுவே நின்றால் அவருடைய சிவப்புக் கம்பளித் தொப்பி மட்டும் தெரியும். ஆனால் யாருக்காவது தலையில் அடி என்று அவருக்குத் தோன்றிவிட்டால், நேரே போய் அவனுடைய ஹெல்மெட்டை வாங்கித் தன் கையில் மாட்டிக்கொள்வார். ஆட்டம் முடியும்வரை அதைக் காய்கறிக் கூடை போலச் சுமந்து திரிவார். ஹெல்மெட் இல்லாமல் யாரும் களத்துக்குள் போக முடியாது. பயிற்சியாளர் ஓய்லரிடம் அவர் சொல்வது ஒரே வாக்கியம்: "ஹெல்மெட் என்கிட்ட இருக்கு." அதற்கு மேல் விளக்கம் கிடையாது, அப்பீலும் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமைக் கேள்விகள் எதற்கு என்று எனக்குப் புரிந்தது இரண்டாம் வருடத்தில். புதுப் பையன்களுக்கு ஒரு சீனியர் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"தலையில அடி பட்டா நாலு கேள்விதான்டா கேப்பாங்க. எந்த மைதானம், எதிராளி யாரு, கடைசியா பாயின்ட் எடுத்தது யாரு, போன வாரம் ஜெயிச்சோமா தோத்தோமா. நாலு பதிலையும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஆடு. தலையே கழண்டு உருண்டு போனாலும் வாய் தானா சொல்லிடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவனுக்காவது வாய் குழறினால் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பதிலை முணுமுணுப்பதும் உண்டு. இதெல்லாம் வெர்னாவுக்கு எப்போதோ தெரியும். அதனால்தான் பக்கத்திலிருப்பவன் எடுத்துக்கொடுக்க முடியாத பதில்களை அடி பட்டால் திருப்பிக் கேட்பதற்காக வெள்ளிக்கிழமைதோறும் எங்களிடமிருந்தே வாங்கி வைத்துக்கொண்டார்.

அவரைப் பற்றி ஒரு கதையும் உலவியது. முன்னொரு காலத்தில் ஒரு பையனை ஆட்டத்துக்குத் திரும்ப அனுப்பிவிட்டாராம், அவன் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். வெளியூர் ஆட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது நான் அதைக் கேட்டே விட்டேன்.

"அப்படி யாரும் இல்ல ரூபென்," என்றார். "ஒருத்தன் செத்தாத்தான் நான் ஒழுங்கா வேல பாக்கணுமா?"

எம்மெட் ஸ்க்ரோபா எங்கள் அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். எண் முப்பத்திரண்டு. மேற்கே ஒரு பால் பண்ணையில் வளர்ந்தவன். அவன் அப்பா லோவெல் நான்கு வருடமாக ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. காலையும் மாலையும் பால் கறக்க வேண்டும். அந்தப் பண்ணையில் கறக்க வேறு ஆள் இல்லை. கடைசி வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு, ஒரு மச்சினனைக் கெஞ்சிக் கூத்தாடிப் பண்ணையில் நிறுத்திவிட்டு, அவர் வருவதாக முடிவானது. அந்த வாரம் முழுக்க எம்மெட் அதைத் தவிர வேறு பேசவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு ஃபுட்பால் கிடையாது. பட்டம் வாங்கியதும் பண்ணைக்குத் திரும்புகிறான். அப்பா தன் ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

வெள்ளிக்கிழமை வெர்னா அவன் காலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "உங்கப்பா இங்க வந்துட்டா, மாடு எதாச்சும் கன்னு போடுற நிலைல இருக்கா?"

"மார்த்தா இருக்கு. இன்னைக்கோ நாளைக்கோ. மாமா பாத்துப்பாரு."

"சரி, இறங்கு."

நான் மூன்றாவது குவார்ட்டர்பேக், ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு இரண்டாவது மாற்று ஆள். களத்தில் இறங்கி ஆடியது சொற்பம். என் வேலை ஓரத்தில் நின்று கையால் ஜாடை காட்டுவது. எங்கள் அணி கூடிப் பேசி நேரம் கடத்தாது. காதில் மாட்டிய கருவியில் பயிற்சியாளர் சொல்வதை நான் தோளையும் முழங்கையையும் தொட்டுக் காட்டுவேன். உள்ளே இருப்பவர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். புரிந்தது என்பதற்கு எம்மெட் மட்டும் மார்பில் இரண்டு தட்டுத் தட்டுவான். மற்ற யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.

சனிக்கிழமை ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில், பந்தோடு ஓடிய எம்மெட்டை எதிரணிக்காரன் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். பெரிய அடியாகத் தெரியவில்லை. எம்மெட் உடனே எழுந்தான். மோதியவனுக்கே கை கொடுத்துத் தூக்கிவிட்டான். தள்ளாடவில்லை, சரியான பக்கத்துக்குத்தான் நடந்தான். நான் அடுத்த ஜாடையைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். ஆட்டம் தொடர்ந்தது, அந்த முறை பந்து அவனிடம் போகவில்லை.

வெர்னா என் முழங்கையைப் பிடித்தார். "தட்டுனானா?"

"இல்ல."

பார்த்ததைச் சொன்னேன். அவன் தட்டியது என் கண்ணில் படாமல் போயிருக்குமோ என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

வெர்னா நடுவருக்குக் கை காட்டி அவனை வெளியே வரவழைத்தார். நான்கு கேள்விகளுக்கும் டக்கென்று பதில் சொன்னான். மாதங்களைத் தலைகீழாகச் சொன்னான். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்றான். பயிற்சியாளர் ஓய்லர் ஒரு காதுக் கருவியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த மாடு கன்னு போடப் போகுது?" என்றார் வெர்னா.

"பெப்பர்."

"நேத்து மார்த்தான்னு சொன்னியே?"

"மார்த்தாவா?" என்றான் எம்மெட். பிறகு எதுவும் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் இருந்தது குழப்பமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. வெர்னா அவன் தாடைப் பட்டையைக் கழற்றி ஹெல்மெட்டை எடுத்தார்.

"வெர்னா, வேணாம். எங்கப்பா வந்திருக்காரு. அங்க பாருங்க, அந்தக் காக்கிக் கோட்டு."

"பாத்தேன்டா."

"அப்பக் குடுங்க."

"இல்ல. உக்காரு."

ஓய்லர் பல்லைக் கடித்தார். "எல்லாத்துக்கும் சரியாச் சொன்னானே, நான் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்."

"அந்த நாலையும் நீங்ககூடத் தூக்கத்துல சொல்லுவீங்க கோச். ஹெல்மெட் என்கிட்ட இருக்கு."

மேலே கண்ணாடி அறையிலிருந்து ஆட்டத்தைப் பார்க்கும் உதவிப் பயிற்சியாளர் காதுக் கருவியில் கத்தினார்: "முப்பத்திரண்டு எங்க போனான்?" ஓய்லர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டார். "மாட்டுப் பிரச்சின," என்றார். மேலே சத்தமே இல்லை. வேறு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்போம்.

எம்மெட் மீதி ஆட்டம் முழுவதும் ஓரத்தில் வெறும் தலையோடு நின்றான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. தூரத்துப் படிக்கட்டு இருக்கையில் லோவெல் எழுந்து நின்றிருந்தார். நெடுநேரம் அவரும் உட்காரவில்லை. நாங்கள் தோற்றோம். அது அவன் இல்லாததாலா என்றெல்லாம் யாரும் பேசவில்லை.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் லோவெல் வெர்னாவைத் தேடி வந்தார். எம்மெட் கூடவே வந்தான். நான் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் சண்டைக்கு வரலைங்க. நீங்க என்ன கேட்டீங்கன்னு பையன் சொன்னான். மார்த்தா நேத்து ராத்திரியே கன்னு போட்டுருச்சு. நாந்தான் போன்ல சொன்னேன். அடுத்தது பெப்பர்தான். அவன் சொன்னது சரி."

வெர்னாவின் கையில் இன்னும் ஹெல்மெட் தொங்கியது. சந்தேகம் வந்தாலே உட்கார வைக்க வேண்டும், அதுதான் விதி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். லோவெலும் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"விதி இருக்குங்கறது தெரியும். அதுக்கு நான் குறுக்க நிக்கல," என்றார். "இப்ப இதக் கேட்டதுக்கு அப்புறம் சொல்லுங்க. இவனுக்கு மூளைல அடி பட்டிருக்கா, இல்லையா? உங்களுக்கு என்ன தோணுது?"

வெர்னா எம்மெட்டைப் பார்த்தார். "மார்த்தா போட்டுருச்சுன்னு நீ ஏன்டா அப்பவே சொல்லல?"

"தெரியல," என்றான்.

வெர்னா லோவெல் பக்கம் திரும்பி, "அவசரமா ஒண்ணச் சொல்லி அனுப்ப எனக்கு இஷ்டமில்ல மிஸ்டர் ஸ்க்ரோபா," என்றார். "யோசிச்சுட்டு உங்க பண்ணைக்கே வந்து சொல்றேன். உங்க ரெண்டு பேர் முன்னாலயும்."

"வாங்க. கறக்குற நேரத்துல மட்டும் வந்துராதீங்க, உங்க கைலயும் வாளியக் குடுத்துருவேன்," என்றார் லோவெல். சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மருத்துவமனையில் எம்மெட்டுக்கு எடுத்த பரிசோதனைகளில் எதுவும் தவறாக இல்லை. அடி பட்டு இரண்டு நாளில் தெளிந்திருக்கலாம், அடியே படாமலும் இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அது எதையும் தீர்க்கவில்லை.

என் வீட்டில் எனக்கு முன்னால் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை. அப்பா வான்கோழி வெட்டும் ஆலையில் வேலை செய்கிறார். எல்லாக் கேள்விக்கும் எங்கோ ஒரு பதில் இருக்கிறது, படித்தவர்களுக்கு அது தெரியும் என்று நம்பித்தான் பைன் ஃபோர்க்குக்கு வந்தேன். அந்தக் குளிர்காலத்தில் வெர்னாவைப் பார்க்கும்போதெல்லாம், "ஸ்க்ரோபா பண்ணைக்குப் போனீங்களா?" என்று கேட்டேன். எனக்கு அது ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரோடு சரியில்லை என்றார். பனி உருகியதும், விதைப்பு நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்றார். கோடையில் நான் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரை விட்டு வந்துவிட்டேன். களத்தில் ஒரு மூச்சில் முடிவெடுக்கிறவர் இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த மார்ச்சில் அவர் இறந்துபோனார். இதயம். காலையில் காரின் மேல் கிடந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது விழுந்தாராம்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் காப்பியும் கொடுத்தார்கள். பழைய ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எம்மெட் அப்பாவோடு வந்திருந்தான். நாங்கள் மூவரும் சுவரோரம் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். அன்றைக்கு உண்மையிலேயே தலை சுற்றியதா என்று அவனிடம் கேட்டேன்.

"நீயுமா?" என்றான். "எனக்கு நினைவில்லடா. நினைவில்லைங்கறதே அடி பட்டதுனாலயா, இல்ல எவனுக்கும் அப்படித்தான் மறந்துபோகுமா, அதும் தெரியல. இப்பல்லாம் சில நாள் காலைல தலை வலிக்குது. அவங்க 'ஆமா'ன்னு சொல்லியிருந்தா, இது அதுதான்னு வச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட போவேன். 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா, எங்கப்பாவோட அந்தப் பாதி ஆட்டத்த அநியாயமாப் புடுங்கிட்டாங்கன்னு நாலு வார்த்த திட்டிட்டு மறந்துருவேன். நானாச் சொல்லிக்கிட்டா நம்ப முடியல. என் தலையப் பத்தி என் தலையக் கேட்டு என்னடா பிரயோசனம்?"

"இப்பவே டாக்டர்கிட்ட போ," என்றேன்.

"போனேன். அவரும் அன்னைக்கு அடி பட்டுச்சான்னுதான் முதல்ல கேக்குறாரு."

வெர்னாவின் கணவர் ஆர்னி காப்பிக் குடுவையோடு எங்கள் மேசைக்கு வந்தார். லோவெல் எழுந்து தன் பெயரைச் சொன்னார். ஆர்னி குடுவையைக் கீழே வைத்தார்.

"உங்க பண்ணைக்கு ரெண்டு தடவ வந்தோமே," என்றார். "ரோட்டோரம் இருக்குற உங்க தபால் பெட்டி வரைக்கும். ரெண்டு தடவையும் வண்டியத் திருப்பச் சொல்லிட்டா."

லோவெல் அவரையே பார்த்தார்.

"முதல் தடவ வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்தா. கொஞ்ச தூரம், 'ஆமா, அடி பட்டிருந்துச்சு'ன்னு. அப்புறம், 'இல்ல, நான்தான் தப்பா எடுத்துட்டேன்'னு. நான் ரோட்டப் பாத்து ஓட்டிக்கிட்டே வந்தேன். எதச் சொன்னாலும் அது அவளுக்கு நிஜமாத்தான் இருந்துச்சு."

"ரெண்டாவது தடவ?" என்று எம்மெட் கேட்டான். "அப்ப எது?"

"அன்னைக்கு அவ வழியில பேசவே இல்ல தம்பி," என்றார் ஆர்னி.

லோவெல், மாலைக் கறவைக்கு நேரமாகிறது என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டார். எம்மெட் காப்பியைக் குடிக்காமலே அவர் பின்னால் போனான். வெர்னா சொல்கிறேன் என்று சொன்ன பதிலை அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.