சீதபேதி டீச்சர்

சிதம்பரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும், எழிலரசி பக்கத்து சீட்டுக்காரர் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலைத்தான் முதலில் பார்ப்பாள். "காய்ச்சுனதாங்க?" என்பாள். இல்லை என்று சொன்னவர் தொலைந்தார். ஆலப்பாக்கம் வருவதற்குள் ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்றாம் வருஷத்துக்குப் போய்த் திரும்பியிருப்பார்.

அந்த வருஷம் பிரெஞ்சுப் படை கடலூருக்குள்ளே, ஆங்கிலேயப் படை வெளியே முற்றுகையில். அந்தப் படைகளைப் பிடித்த நோய்களைப் பற்றித்தான் எழிலரசி சிதம்பரம் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள். தளபதி, பீரங்கி எதுவும் அவளுக்கு வேண்டாம். "குண்டடி பட்டு செத்தவன விட வயித்தால போயி செத்தவன்தான் ஜாஸ்திக்கா. டாக்டரு என்னா பண்ணுவான்? கை நரம்ப கீறி ரத்தத்த எறக்குவான். இருக்கிற தெம்பும் போயிடும்" என்று தலையில் அடித்துக்கொள்வாள், ஏதோ தன் சித்தப்பாவுக்கு நேற்று நடந்த மாதிரி. கப்பல்காரர்களுக்கு எலுமிச்சை கிடைக்காமல் ஈறு வீங்கிப் பல் ஆடிய கதை வரும்போது கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் காட்டி, அதை நமக்கே கொடுத்துவிடுவாள். அவள் தெருவிலேயே குடியிருந்து அதே பஸ்ஸில் போகும் நான் கடையில் எலுமிச்சம்பழம் வாங்கி ரொம்ப நாளாகிறது.

சீதபேதி டீச்சர் என்பது கண்டக்டர் வைத்த பெயர். அதற்கும் சிரிப்பாள்.

எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு பேதிக் கதை கேட்க யாருக்கு மனசு வரும்? மூன்றாவதாக வருவதாக இருந்தவர்கள் காடாம்புலியூர்க்காரர்கள். மாப்பிள்ளை செம்பியனோடு போனில் பேசியிருந்தாள். "எனக்கும் அவர புடிச்சிருக்குக்கா. நாளைக்கி வாயே தொறக்க மாட்டேன்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

தானே புயல் அடித்து ஓய்ந்த தை மாதம் அது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்ற பரபரப்பில் அவள் அம்மா சௌந்தரம், அடிபம்புத் தண்ணீரை அப்படியே டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டார். காபித் தட்டோடு வந்த எழிலரசி அதைப் பார்த்தாள். தட்டை என் கையில் திணித்தாள். செம்பியனின் அம்மா ரத்தினம்மாள் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"காய்ச்சாத தண்ணிங்க அத்தே! இதே ஊருல அந்தக் காலத்துல பெரிய படையே..."

சத்தியம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த இடமும் போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"படைக்கி என்னாச்சி?" என்றார் ரத்தினம்மாள்.

எழிலரசி சொன்னாள். ரத்தம் இறக்கியது வரை ஒன்றையும் விடவில்லை. செம்பியன் பஜ்ஜியைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். ரத்தினம்மாளுக்குப் பக்கத்திலிருந்த அவர் கணவர் மெல்ல அண்ணாந்து தன் தண்ணீர் டம்ளரைத் தூக்கினார். ரத்தினம்மாள் எழிலரசியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, அந்த டம்ளரை வாங்கித் தரையில் வைத்தார்.