மின்சாரக் காரில் காதுகுத்துக்குப் போனது

பிள்ளைகளா, நம் மின்சாரக் காரின் கதையை நீங்கள் சொல்லும்போதெல்லாம் அப்பாதான் கோமாளி. அம்மாவின் பங்கை வசதியாக விட்டுவிடுகிறீர்கள். அதனால் முழுசையும் நானே எழுதுகிறேன்.

கார் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் பூஜை போட்டோம். ஐயர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் இட்டார். அவர் உள்ளே போனதும், சார்ஜ் போடும் இடத்தின் மூடியைத் திறக்கச் சொன்னாள் அம்மா.

"சாப்பிடற வாய்க்குப் பொட்டு வைக்காம என்னங்க பூஜை?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனம் முழுவதும் அங்கே போனது.

மறுநாள் காலை லாயாங் லாயாங் ஊரில் உங்கள் அத்தை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மதியத்தோடு நல்ல நேரம் முடிந்துவிடும். காரில் சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சம், நம் அடுக்குமாடியில் சார்ஜ் போட வழியில்லை. தெப்ராவ் பேரங்காடியில் போட்டுக்கொள்ளலாம் என்று தைரியமாகக் கிளம்பினேன். அங்கே இருந்தது இரண்டே இடம். ஒன்றில் 'ரோசாக்', அதாவது கெட்டுப்போனது, என்று அட்டை தொங்கியது. இன்னொன்றில் ஒரு பெட்ரோல் கார் சொந்த வீடு மாதிரி நின்றது.

"அப்பா, அதுக்கும் கரண்டு குடிக்க ஆசை வந்துருச்சு போல," என்றாள் சின்னவள்.

போகிற வழியில் கூலாயில் ஒரு இடம் காலி என்று போன் காட்டியது. இருக்கிற சார்ஜை மிச்சம் பிடிக்க ஏர்கோனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, மெதுவாகப் போனோம். பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டு வந்த அம்மா வழியெல்லாம் பழைய காரைப் புகழ்ந்தாள்.

கூலாயில் இடம் காலிதான். ஆனால் பிளக் உள்ளே போகவில்லை. தள்ளினேன், காலை ஊன்றித் தள்ளினேன். "இதுவும் ரோசாக்!" என்று முடிவுகட்டி, ஜோகூர் சார்ஜர்கள் எல்லாவற்றையும் சத்தமாகத் திட்டினேன். அடுத்துக் காத்திருந்த மலாய்க்காரர் ஒருவர் அதே பிளக்கை வாங்கித் தன் காரில் செருகினார். உடனே விளக்கு எரிந்தது. பிறகு நம் காரின் சார்ஜ் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"போஸ், உள்ளே கறிக்குழம்பு கொட்டியிருக்கு," என்றார் மலாயில், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அந்த நேரம் பார்த்து அத்தையின் போன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? ஆசாரி வந்துட்டாரு லா!"

"கூலாய்லதான்மா. கார் சாப்பிட மாட்டேங்குது."

"அலமாக்! கார் வராட்டியும் பரவால்ல, உங்க மடி வந்தாகணும்!"

காரை அணைக்கச் சொன்னாள் பெரியவள். அம்மாவின் கைப்பையிலிருந்து முகப்பவுடர் பிரஷை எடுத்துச் சந்தனத்தைப் பொடிப்பொடியாகத் தட்டிவிட்டாள்.

"அது புது பிரஷ்டி!" என்றாள் அம்மா. அவள் கவலை அவளுக்கு.

மலாய்க்காரர் தன் காரிலிருந்து பிளக்கைக் கழற்றி, "நீங்க முதல்ல போடுங்க," என்று நீட்டினார். இந்த முறை 'டக்' என்று உட்கார்ந்தது. போய்ச்சேரும் அளவுக்கு ஏறியதும் நன்றி சொல்லிவிட்டு ஓடினோம்.

நல்ல நேரம் முடியும் தறுவாயில் குழந்தை என் மடியில் உட்கார்ந்தது. ஊர் கேட்க அலறியது, என் வேட்டியையும் நனைத்தது. அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு அன்று வேண்டியிருக்கவில்லை.

வெளியே வந்து பார்த்தால், புது கார் என்று கேள்விப்பட்டு அத்தையின் மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினாள். சார்ஜ் மூடியை முதுகால் மறைத்து நின்றாள்.

"முன்னாடி எவ்வளவு வேணும்னாலும் வைங்கம்மா. இந்த வாய் மட்டும் விரதம்!"