என் மகள் ராட்டினமான காலை

தீம் பார்க்கில் நாங்கள் வரிசையின் தலைக்கு வந்தபோது குதிரை ராட்டினம் நின்றுவிட்டது. "மெஷின் ரோசாக், ஓடாது, நாளைக்கு வாங்க," என்று அதை ஓட்டுகிறவர் சங்கிலியை இழுத்து மாட்டினார். ஒன்பது வயது மகள் அழவில்லை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் சொன்னாள்.

"ஸ்கூல் மாறுவேஷத்துக்கு நான் அந்த ராட்டினமா போறேன். குதிரையா இல்ல, முழு ராட்டினமா. பாக்குற எல்லாருக்கும் அதுன்னு தெரியணும்."

முழு ராட்டினத்தை ஒரு குழந்தைக்கு எப்படி உடுத்துவது? வரைந்தேன், கிழித்தேன், மறுபடி வரைந்தேன். நான் எழுதும் கவிதையில் ஒரு வரியை விட்டால் வாசிப்பவர் பெருந்தன்மையாக நிரப்பிக்கொள்வார். ராட்டினத்தின் கூரை ஒரு கம்பியை விட்டால் நிற்காது.

கணவருக்கு ஸ்ரீ கெம்பாங்கானில் அலுமினியப் பட்டறை வேலை. மிஞ்சிய கம்பிகளைக் கொண்டுவந்தார். டேப்கூட எடுக்கவில்லை. மகளின் தோளைச் சாணால் அளந்து, வளைத்து, முடுக்கி, தோள்படும் இடத்தில் பஞ்சு வைத்துத் தைத்தார்.

"எப்படிங்க இவ்ளோ சீக்கிரம்?"

"தெரியல லா. கை அதுபாட்டுக்குப் போகுது."

என் கையும் அதுபாட்டுக்குப் போனது. கடைத்தெருவில் பொன்னிறக் குஞ்சம் வாங்கினேன், மஞ்சளும் சிவப்புமாய் ரிப்பன், சின்னச் சின்ன மணிகள். பால்டின் அட்டைப்பெட்டியை வெட்டி எட்டுக் குதிரைகள். கூரையின் விளிம்பு முழுக்கத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றும் ராட்டினத்துக்கே பிறந்தது போலிருந்தது.

சனிக்கிழமை காலை லிஃப்டில் மேல்மாடி ஆன்டி நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"எந்தக் கோயிலுக்கும்மா? தைப்பூசம்கூட இல்லையே. புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

லிஃப்டின் கண்ணாடியில் அப்போதுதான் பார்த்தேன். காவடி. மூன்று வருடம் என் கணவர் பத்துமலை முருகனுக்குச் சுமந்தது, மூன்று வருடம் நான் மணி கட்டியது. கணவர் மாடி எண்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது குதிரைங்க ஆன்டி," என்றாள் மகள்.

"முருகனுக்கு மயில்தானேம்மா?" ஆன்டி உண்மையாகவே கேட்டார்.

காரில் மகளின் குரல் சுருங்கியிருந்தது. "அப்பா, இது காவடியா?"

"ராட்டினம்தான்டா."

"அப்புறம் ஏன் கும்பிட்டாங்க?"

நான் மணிகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்தேன். அவிழ்ப்பது தப்பா, விட்டுவைப்பது தப்பா? வேண்டுதலே இல்லாத ஒன்றிடம் மனசுக்குள் எதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றும் தெரியவில்லை. மணிகளைக் கைப்பையில் போட்டேன். அங்கேயும் அவை சும்மா இருக்கவில்லை.

பள்ளி மண்டபத்தில் நுழைந்ததுமே, "ஏய், காவடி வருது பாரு," என்றது ஒரு குரல். "வேல் எங்க, வீட்டுலயே வச்சிட்டியா?" என்றது இன்னொன்று. மகள் நடுமண்டபத்தில் அசையாமல் நின்றாள். காது சிவந்துவிட்டது. கண்கள் என்னைத் தேடின. எழுந்து போக நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன்.

அப்போது இளவரசி கவுன் போட்ட ஒரு மலாய்ச் சிறுமி, ஐந்து வயதிருக்கும், ஓடிவந்து ஓர் அட்டைக் குதிரையைத் தொட்டாள். அக்கா, நான் ஏறலாமா என்று மலாயில் கேட்டாள்.

மகள் அவளைக் குனிந்து பார்த்தாள். பிறகு, அவளுக்குப் புரியும் மலாயில், கறாராகச் சொன்னாள்: வரிசையில் நில்.

வரிசை வந்தது. நான்கு பேர், ஏழு பேர். ஆளுக்கொரு குதிரையைப் பிடிக்கவைத்து மகள் சுற்றத் தொடங்கினாள். குஞ்சங்கள் விரிந்தன. காவடி என்று சொன்ன பெண்ணும் வரிசையில் நின்றிருந்தாள். ஆனால் முழங்காலை லேசாக மடித்து, குதிகாலை முதலில் ஊன்றும் அந்த நடையை என் மகள் எங்கே கற்றாள்? அது பத்துமலைப் படியடியில் காவடியோடு இவள் அப்பா ஆடுவது. சுற்றியது ராட்டினமா, மற்றதா? நான் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன பண்ற நீ?" கணவர் முழங்கையால் இடித்தார்.

குனிந்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். செருப்பு நாற்காலிக்கடியில் இருந்தது.