பால் காய்ச்சாத வீடு

ஆள் இல்லாத வீடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான் என் வேலை. சொன்னால் சிரிப்பார்கள், ஆளே இல்லாத வீட்டில் என்ன பெரிய வேலை இருக்கப் போகிறது என்று.

உறுவையாறு என்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவைத் தாண்டி, வாய்க்கால் மதகைக் கடந்தால் ஒரு புது நகர். முன்பு அது கரும்புக் கொல்லை. நானே அங்கே சோகை உரித்திருக்கிறேன். இப்போது கிராவல் மண் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடாக்கி, வரிசையாக வீடு கட்டி விற்கிறார்கள். விற்காத வீடுகளில் சிலவற்றுக்கு மட்டும் கட்டில், சோபா, திரைச்சீலை எல்லாம் போட்டு, ஒரு குடும்பம் இருக்கிற மாதிரி அலங்காரம் செய்து வைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர்களுக்கு அதைத்தான் காட்டுவார்கள். மேஜைமேல் கூடை நிறைய ஆப்பிளும் திராட்சையும் இருக்கும், எல்லாம் பிளாஸ்டிக். சுவரில் டி.வி. மாதிரி மாட்டியிருப்பது வெறும் அட்டை. அடுப்பு நிஜம், ஆனால் சிலிண்டர் கிடையாது. கட்டிலும் மெத்தையும் மட்டும் உண்மை. அதிலும் மெத்தைக்குப் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை.

பூட்டிக் கிடக்கிற வீடு சீக்கிரம் கெட்டுப்போகும். கக்கூஸில் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் குழாய் காய்ந்து நாற்றம் வீடு முழுக்க ஏறிவிடும். சாவி ஓட்டையில் குளவி மண் வைத்து அடைத்துவிடும். நிலைக்குக் கீழே கரையான் கோடு போடும். வாரத்தில் இரண்டு நாள் போய் ஜன்னலைத் திறந்து காற்று விட்டு, எல்லாக் குழாயையும் திறந்து மூடி, ஃபேனைப் போட்டுப் பார்த்து, பல்லி எச்சத்தைத் துடைப்பேன். கடைசியில் ஒவ்வொரு அறையையும் வாசலில் நின்று போனில் படம் எடுத்து, வீடு விற்கிறவர்களின் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆபீசில் இருக்கிற பொண்ணு. "அறை முழுசா தெரியணும் ஆயா. எதையும் நகத்தாதீங்க, மறைக்காதீங்க. இருக்கிறத இருக்கிற மாதிரி எடுத்து அனுப்பிடுங்க, போதும்" என்று சொன்னாள்.

எனக்கு ஆள் என்றாலே கூச்சம். பிறவியிலேயே அப்படி. ரேஷன் கடையில் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுவிட்டு நிற்பேன். நாற்று நடப் போன நாளில் இது ஒன்றும் தெரியவில்லை, குனிந்த தலை குனிந்தபடியே வேலை ஓடிவிடும். முட்டி தேய்ந்து சேற்றில் இறங்க முடியாமல் போன பிறகுதான் வேறு பிழைப்பு தேட வேண்டி வந்தது. அப்போது ஆபீஸ் பொண்ணு எங்கள் தெருவுக்கு ஆள் தேடி வந்தாள். முன்பு இருந்தவர் ஊரைக் கூட்டிக்கொண்டு போய் சோபாவில் உட்கார வைத்துக் கதை பேசினாராம். அதனால் வாயைத் திறக்காத ஆளாக வேண்டும் என்றாள்.

எதிர் வீட்டுக்காரி உடனே கை காட்டினாள். "அப்ப எங்கக்காதான் சரி. வாய் இருக்குதா இல்லியான்னே எங்களுக்கு இன்னும் சந்தேகம்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த ஒரு சொல்லால்தான் எனக்கு வேலை கிடைத்தது. யாரும் இல்லாத வீட்டில், யார் முகத்தையும் பார்க்காமல் செய்கிற வேலை. எனக்கென்றே யாரோ யோசித்து வைத்த மாதிரி இருந்தது. அவளுக்கு நான் ஒரு தடவைகூட நன்றி என்று சொன்னதில்லை. அவளும் விடமாட்டாள், நான் சாவிக்கொத்தோடு கிளம்பினால், "போறாங்க பாரு, பேய்க்குச் சோறு போட" என்பாள்.

அந்த நகரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. மேடாக்கினதால்தான் மழைத் தண்ணீர் எங்கள் தெருவுக்குத் திரும்புகிறது என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் போய்ச் சண்டை போட்டு வந்தவள். அவள் சொன்னதில் பொய் இல்லை.

போன மழைக்காலத்தில் புயல் வந்தது. விடிய விடியக் கொட்டியது. பொழுது விடிகிற நேரம் சங்கராபரணி ஆற்றில் கரை மட்டத்துக்குத் தண்ணீர் ஏறி, வாய்க்கால் எதிர்த்து அடித்து எங்கள் தெருவுக்குள் புகுந்தது. என் வீட்டில் அடுப்பு முழுகியது. எதிர் வீட்டில் கட்டில் காலில் பாதி முழுகியது. அந்தக் கட்டிலில் அவள் மகள் படுத்திருந்தாள், பக்கத்தில் பச்சைக்குழந்தை. பிள்ளை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆபரேஷன் பண்ணி எடுத்தது. தையல் நனையக் கூடாது, குளிர் படக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மருமகன் திருப்பூரில்.

பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரியின் புருஷன், எனக்குக் கொழுந்தன் முறை, பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து இன்னொரு ஆளோடு தூக்கிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். அங்கே ஈரத் தரையில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள், கீழே படுத்தால் அந்தப் பெண்ணால் எழுந்திருக்க முடியாது, குந்தி உட்காருகிற கக்கூஸ் வேறு, தையல் பிரிந்துவிடும் என்றார். மதகுமேல் மழையில் நாற்காலியை வைத்துக்கொண்டு நின்றார்கள். குழந்தையின் மேல் ஒரு யூரியா சாக்கைப் பிரித்துப் போர்த்தியிருந்தது.

என் இடுப்பில் சாவிக்கொத்து இருந்தது. போன் போட்டுப் பார்த்தேன், டவர் இல்லை. யாரைக் கேட்பது?

"அங்க கொண்டு போலாம்" என்றேன். மெதுவாகத்தான் வந்தது.

எதிர் வீட்டுக்காரிக்குக் கேட்டுவிட்டது. "எங்க? அந்த வூட்டுக்கா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா யக்கா? பால் காய்ச்சாத வூடு அது. பச்ச உடம்புக்காரியக் கொண்டு போயி மொதமொதல்ல படுக்க வைக்கிறதா? தீட்டுப் பட்ட வூடுன்னு பேராயிடும். நாளைக்கு வித்துப் போவலன்னா எம்பொண்ணு தலையிலதான் விடியும். உனுக்கும் வேல போயிடும்."

அவள் சொன்ன எல்லாமே எனக்கும் தோன்றியதுதான். புது வீட்டில் முதலில் பால் பொங்க வேண்டும், பிறகுதான் மற்றது. அதற்குமுன் அங்கே ஒரு வாய் சோறுகூட நான் தின்றது கிடையாது. ஆனாலும் நிற்கவில்லை. பெண்ணின் மடியிலிருந்து குழந்தையை வாங்கிச் சாக்கோடு அணைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தேன். குழந்தை என்னோடு போன பிறகு அவர்கள் நின்று என்ன செய்வார்கள்? பின்னாலேயே வந்தார்கள். அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. மெத்தையின் உறையைக் கிழித்துவிட்டுப் பெண்ணைப் படுக்க வைத்தோம். நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ், மாடித் தொட்டி நிறையத் தண்ணீர். அந்தப் பெண் உட்கார்ந்து எழுந்து வந்து, "வலிக்கல பெரிம்மா" என்றாள். அது போதும் எனக்கு.

எதிர் வீட்டுக்காரி மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தாள். சமையலறைக்குள் போக மாட்டேன் என்றாள். தன் வீட்டிலிருந்து தூக்கி வந்த சின்ன சிலிண்டர் அடுப்பைக் கார் நிறுத்துகிற போர்ட்டிகோவில் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். சாரல் அடிக்க அடிக்க அவள் புருஷன் ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதல் அடுப்ப வாங்கறவங்கதான் ஏத்தணும். அவ்ளோ மானம் கெட்டவங்க இல்ல நாங்க" என்றாள்.

அன்றைக்கு நான் வீடு பார்க்கிற நாள். மதியத்துக்குமேல் மழை விட்டதும் வழக்கம்போல ஜன்னலைத் திறந்தேன், குழாயைப் பார்த்தேன், பல்லி எச்சம் துடைத்தேன். பிறகு போனை எடுத்தேன். ஆபீசுக்குச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் வாசலில் நின்று ஒவ்வொரு அறையாகப் படம் எடுத்தேன். இருக்கிறதை இருக்கிற மாதிரி. படுக்கையறையில் பெண்ணும் குழந்தையும். ஹாலில் அட்டை டி.வி.மேல் காயப்போட்ட குழந்தைத் துணி. போர்ட்டிகோவில் கஞ்சிக்குண்டான்.

"அய்ய, என்ன ஏன் புடிக்கிற? தலகூட வாரல நானு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள் எதிர் வீட்டுக்காரி. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "அடிப்பாவி, அனுப்பவா போற? நாமளே நம்மளக் காட்டிக் குடுக்கறதா?"

அனுப்பினேன். டவர் இல்லாமல் ஒரு டிக்கோடு நின்றது. மாடியில் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டாவது டிக் விழுந்தது. விழுந்ததும் கீழே இறங்கி வந்தேன். பதில் எதுவும் வரவில்லை.

மறுநாள் முற்பகல் டிராக்டர் சத்தம் கேட்டது. கார் வர முடியாதென்று முதலாளியே டிராக்டரில் உட்கார்ந்து வந்தார். பேண்ட்டை முட்டிவரை மடித்து, ஷூவைக் கையில் வைத்திருந்தார். பார்த்த உடனே நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

எதிர் வீட்டுக்காரி அவர் வாயைத் திறப்பதற்குள்ளேயே துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். "போயிடறோம் ஐயா. தண்ணி வடிஞ்சிட்டு இருக்குது. ஒரு மணி நேரத்துல காலி பண்ணிடறோம். தொடச்சிக் கழுவிக் குடுத்துடறோம்."

"எங்க அந்தப் படம் அனுப்பின அம்மா?"

"கதவுக்குப் பின்னால கீறாங்க. வெளிய வரமாட்டாங்க. நீங்க பேசுங்க, அவங்களுக்குக் காது நல்லா கேக்கும்."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு முகம் தெரியவில்லை. "ஆபீஸ்ல அந்தப் பொண்ணு படத்தப் பாத்ததுல இருந்து என்ன உக்கார வுடல. பாலும் ரொட்டியும் டிராக்டர்ல இருக்கு, எறக்கிக்குங்க" என்றார். பிறகு, "அது இன்னாம்மா, போர்ட்டிகோல அடுப்பு? சாரல் அடிக்கிற எடத்துல? உள்ள கிச்சன் எதுக்குக் கட்டி வச்சிருக்கு?"

"பால் காய்ச்சாத வூடுங்க. நாங்க அடுப்பு ஏத்தினா நல்லா இருக்காது."

அவரும் நம்மைப்போலத்தானே, அவர் வீட்டிலும் பால் காய்ச்சித்தானே குடி போயிருப்பார். "சரி, அப்ப காய்ச்சிடலாம்" என்றார்.

"யாரு காய்ச்சறது? எனுக்குத் தீட்டு. எம்பொண்ணு பச்ச உடம்பு. எங்கக்கா தாலி இல்லாதவங்க, அவங்க தொடமாட்டாங்க. என் வூட்டுக்காரரு டிராக்டர்காரரோட பீடி புடிக்கப் போயிட்டாரு, அவரும் தீட்டுதான்."

"நான் காய்ச்சினா?"

"உங்களுக்கு இன்னா கொற? வூட்டக் கட்டினவரே நீங்கதான்."

மேஸ்திரிகளுக்கு டீ போடுகிற சைட் ஆபீஸ் சிலிண்டரை உருட்டிவரச் சொன்னார். மாட்டினார்கள். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் குண்டானில் ஊற்றினார். லைட்டரை அழுத்திக்கொண்டே இருந்தார், பற்றவே இல்லை. நான் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ திருவணும்" என்றேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவுக்குள் இன்னும் ஒண்டிக்கொண்டேன். அவர் குனிந்து சிலிண்டரைத் திறந்தார். தீ பிடித்தது.

பால் நுரைத்து மேலே வந்தது. விளிம்புக்கு வந்ததும் அவர் படக்கென்று அணைத்துவிட்டார்.

எதிர் வீட்டுக்காரி கத்தினாள். "அய்ய! பொங்கறதுக்கு முன்னால அணைச்சா எப்புடி? ஏத்துங்க, திரும்ப ஏத்துங்க!"

"புது அடுப்பும்மா, வீணாப் போயிடும்."

"தொடைக்கத்தான் எங்கக்கா இருக்காங்களே!"

துரத்திவிடுவாரோ என்று சற்றுமுன் துணி மடித்தவள் அவரையே அதட்டுகிறாள். அவரும் மறுபடி ஏற்றினார். பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்து அடுப்பில் சொய்யென்று காய்ந்தது. உள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "பொங்கிடுச்சாம்மா?"

"பொங்கிடுச்சுடி!"

சாமி படம் எதுவும் அந்த வீட்டில் இல்லை, சுவரில் ஏதோ வெளிநாட்டு மலைப் படம்தான். எதிர் வீட்டுக்காரி சொல்லச் சொல்ல, அவரே ஒரு தம்ளரில் ஊற்றிக் கிழக்கே பார்த்துக் காட்டிவிட்டுக் கொடுத்தார். அவள் அதை மகளுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

போகும்போது அவர் கதவைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, அந்தப் பொண்ணுக்குத் தையல் ஆறி, அவங்க வூட்டுச் செவுரும் காயற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வாங்க வர்றவங்களுக்கு வேற வூட்டக் காட்டச் சொல்லிடறேன். நீங்க வழக்கம்போல வந்து பாத்துக்குங்க."

தலையை ஆட்டினேன். கதவுக்குப் பின்னால் ஆட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு வாயில் வராத நன்றியைத்தான் இப்போது எழுத்துக் கூட்டி இங்கே எழுதுகிறேன். அவருக்கு, படத்தைப் பார்த்துவிட்டு அவரை உட்கார விடாத அந்தப் பொண்ணுக்கு, என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தவளுக்கு.

தண்ணீர் வடிந்து என் வீட்டைக் கழுவி எடுத்ததும், அடுத்து வீடு பார்க்கிற நாள் வந்தது. மேட்டில் ஏறி அந்த வீட்டு வாசலுக்குப் போனேன். சாவி கையில்தான் இருந்தது. உள்ளே குழந்தையைத் தூங்க வைக்கிற சத்தம் கேட்டது. சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைத் தட்டிவிட்டு நின்றேன்.