பூட்டிய கேட்டுக்கு வந்த மிஸ்ஸி

பிறந்த நான்காம் நாள், பகலில், என் மகன் பால் குடிக்க எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன். லேசாகச் சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கிப்போனான். அந்த உள்ளங்கால் மஞ்சளாக இருந்தது.

அதுவரை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவனுக்கு நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அழாத பிள்ளை, அம்மாவைத் தூங்கவிடும் பிள்ளை. முகம் மஞ்சளாக இருக்கிறதா, காலைநேர வெயிலில் காட்டு, போய்விடும் என்றார்கள். காட்டினேன். கிள்ளானில் வெயிலுக்கு என்ன பஞ்சம்?

கிள்ளானில் இருப்பது அக்கா வீடு. எங்கள் வீடு செமினியில். அம்மா இல்லாததால், தலைப்பிரசவத்துக்குப் பத்தியம் பார்க்க அக்கா என்னையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டாள். நம்மில் எத்தனை பேர் பிள்ளை பெற்றதும் சொந்த வீட்டுக்குப் போகிறோம்? மருத்துவமனையில் எழுதிக்கொண்டதோ ஐ.சி.யில் (மலேசிய அடையாள அட்டை) இருந்த செமினி முகவரி. வீடு தேடி வந்து குழந்தையைப் பார்க்க வேண்டிய மிஸ்ஸி (தாதி) இரண்டு முறை அங்கே போய், பூட்டிய கேட்டில் சீட்டைச் செருகிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

மஞ்சள் உள்ளங்காலைப் பார்த்ததும் நானும் அக்காவும் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். பிலிரூபின் (இரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாகும் மஞ்சள் பொருள்) மிக அதிகம். மூளைக்கு ஏறினால் காது கேட்காமல் போகலாம் என்றார் டாக்டர். கண்ணைக் கட்டி நீல விளக்கின் கீழ் கிடத்தினார்கள். அளவு இறங்காவிட்டால் இரத்தத்தையே மாற்ற வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கினார்கள்.

டாக்டர் கணினியைப் பார்த்தபடி கேட்டார். "மிஸ்ஸி ரெண்டு தடவை வந்திருக்காங்க. வேற வீட்டுக்குப் போறத ஏம்மா சொல்லல?"

"ஐ.சி. அட்ரஸ் கேட்டீங்க, சொன்னேன். பிள்ளை எங்க தூங்கும்னு யாருமே கேக்கலையே டாக்டர்."

அக்கா என் கையை அழுத்தினாள். அடங்கு என்று அர்த்தம். நான் அடங்கவில்லை. அடுத்து வரும் அம்மாவிடமாவது கேளுங்கள் என்றேன். டாக்டர் கிள்ளான் முகவரியைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

விளக்கின் கீழ் வைத்த மூன்றாம் நாள் அளவு இறங்கியது. இரத்தம் மாற்றவில்லை. கிளம்பும் முன் குழந்தையின் பதிவுப் புத்தக அட்டையில் தடித்த பேனாவால் அக்கா வீட்டு முகவரியை எழுதினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்பாங் ஊர்ப் பெண் மாமியார் வீட்டுக்குப் போகிறாராம். அவர் புத்தகத்திலும் எழுதவைத்தேன்.

"நீ என்ன இங்க சூப்பர்வைசரா?" என்றாள் அக்கா.

"ஆமாலா."

உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், பெரும்பாலும் போய்விடும். ஆனால் வெயில் இரத்தப் பரிசோதனை செய்யாது. எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். யாரும் வரவில்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் நில்லுங்கள். வாயாடி என்பார்கள். சொல்லட்டும்.

டாக்டர்கள் அவன் வயதை நாளாக இல்லாமல், இத்தனை மணி நேரம் என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அந்தக் கணக்கு தொற்றிக்கொண்டது, இன்னும் விடவில்லை. மாதங்கள் கழித்துச் செய்த காதுச் சோதனையில் குறையில்லை என்றார்கள். இப்போதும் விடிந்ததும் ஜன்னலைத் திறந்து, முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் உள்ளங்காலைத்தான் பார்க்கிறேன். விரல் பட்டதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்கிறான்.