சுழல் நாற்காலிக்கு எத்தனை புள்ளி

ராக்கெட் அக்காவுக்கு அந்தப் பெயர் விரல்களால் வந்தது. வீட்டுச் சாமான் கடையின் இரண்டாம் கவுண்ட்டரில் பன்னிரண்டு வருடம் நின்றபடி பில் போட்டவர். வாளியோ வடிகட்டியோ, பல்போ சோப்போ, எது வந்தாலும் கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் ஓடிவிடும். எண்ணிக்கையைத் தட்டு, பெருக்கல் குறியைத் தட்டு, விலையைத் தட்டு. ஒன்று, பெருக்கல், நூற்று நாற்பது. மூன்று, பெருக்கல், முப்பத்தைந்து. சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. தூக்கத்தில்கூட அவர் விரல்கள் போர்வைமேல் அப்படித்தான் தட்டும் என்பார் அவர் கணவர், லிஃப்ட் மெக்கானிக்.

நின்றபடி என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கவுண்ட்டர்களில் நாற்காலி கிடையாது. கடையிலேயே உருப்படியான நாற்காலி மாடியில், கண்ணாடி அறைக்குள் இருந்தது. நீல நிறம், ஐந்து சக்கரம், உட்கார்ந்து காலால் ஒரு தள்ளு தள்ளினால் முழு வட்டம் சுற்றும். பழைய கணக்கர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அது காலியாக, கண்ணாடி வழியே கீழே பார்த்துக்கொண்டே இருந்தது. அக்காவும் கீழேயிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் முதலாளியம்மா கூப்பிட்டார்.

"ராக்கெட், எதிர்க்கடையில பாயிண்ட் குடுக்கறான். நம்மகிட்ட வாங்கறவங்க எல்லாம் அங்க ஓடறாங்க. நமக்கும் ஒண்ணு போடு. எவ்வளவு வாங்கினா ஒரு புள்ளி, எத்தனை புள்ளிக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி, எல்லாம் நீயே முடிவு பண்ணு."

"நானாம்மா?"

"பின்ன யாரு? வர்றவங்க மூஞ்சி உனக்குத்தானே தெரியும். சரியா வந்தா மேல வந்து உக்காரு. ஆனா தள்ளுபடி நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான், நூத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல ஒத்த ரூபாய் போச்சுன்னா, மறுபடி ரெண்டாம் கவுண்ட்டர்."

அக்காவுக்கு அப்போதே காதில் நாற்காலிச் சக்கரம் உருளத் தொடங்கிவிட்டது.

வீட்டில் ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. பாத்திரம் கழுவினால் பத்துப் புள்ளி. துணி மடித்தால் ஐந்து. ஐம்பது சேர்ந்தால் படுக்கைக்கே காபி வரும். மூன்றாம் நாள் மகள் சுத்தமான பாத்திரங்களையெல்லாம் இறக்கி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, அதெல்லாம் கழுவினதுதானே?"

"விதியில அழுக்குப் பாத்திரம்னு போடலையேம்மா!"

லிஃப்ட் மெக்கானிக் அதற்கும் மேலே போனார். வாரம் முழுக்கச் சத்தம் போடாமல் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "முன்னூறு புள்ளி இருக்கு மேடம். வரிசையா ஆறு காபி" என்றார். நான்காவது காபியில் அக்கா டம்ளரோடு சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் அவர் கற்றுக்கொண்டது இதுதான்: புள்ளியைக் கொடுக்கும்போது இருக்கிற குஷி, அதைத் திருப்பிக் கேட்கும்போது இருக்காது.

கடைசியில் விகிதம் முடிவானது. நூறு ரூபாய்க்கு வாங்கினால் ஒரு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி. ஒரே ஒரு விஷயம் அக்காவை உறுத்தியது.

"அம்மா, சாயங்காலம் வர்றவங்கள்ல பாதிப் பேர் நாப்பதுக்கும் அம்பதுக்கும்தான் வாங்குவாங்க. அவங்களுக்கு ஒண்ணுமே வராதே?"

"அதுக்காகப் புள்ளியை உடைச்சு அரை, கால்னு குடுக்க முடியுமா? முழு நூறுன்னா முழு நூறுதான்."

திட்டம் தொடங்கும் நாள் காலை அக்கா மாடிக்குப் போய்க் கணினியைத் திறந்தார். திரையில் இரண்டு கட்டங்கள். மேல் கட்டத்தில், ஒரு புள்ளிக்கு எத்தனை ரூபாய் வாங்க வேண்டும். கீழ்க் கட்டத்தில், ஒரு ரூபாய் தள்ளுபடிக்கு எத்தனை புள்ளி வேண்டும். நாற்காலியில் உட்காரவில்லை, இன்னும் தன்னுடையது ஆகவில்லையே. நின்றபடியே எண்களைத் தட்டிச் சேமித்துவிட்டு, படிகளில் துள்ளி இறங்கினார்.

புள்ளிக் கணக்கு பில்லின் அடியில் பொடி எழுத்தில் வந்ததால் முதலில் யாரும் கவனிக்கவில்லை. பதினொரு மணி வாக்கில் முதல் கவுண்ட்டரிலிருந்து ஒரு கூச்சல். அங்கே பில் போடுபவர் தடித்த மூக்குக்கண்ணாடிக்காரர். எல்லோருக்கும் அவர் சோடாபுட்டி. அவர் முன்னால் தெருமுனைத் தையல்காரர் பில்லைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அறுநூத்தி நாப்பது புள்ளி! எனக்கா? யோவ் சோடாபுட்டி, நல்லாப் பாத்துச் சொல்லு!"

"எத்தனை தடவை பாக்கறது? அதான் போட்டிருக்குல்ல!"

அக்கா எட்டி அந்தப் பில்லைப் பார்த்தார். அறுநூற்று நாற்பது ரூபாய்க்கு வாங்கியவருக்கு வரவேண்டியது ஆறு புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்றால், கடை வாங்கின காசை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது!

பதினெட்டுப் படிகளையும் ஏழே தாவலில் ஏறினார். திரையில் மேல் கட்டத்தில் ஒன்று. கீழ்க் கட்டத்தில் நூறு. சின்ன எண் முதலில், பெரிய எண் பிறகு. பன்னிரண்டு வருட விரல்கள் அவரைக் கேட்காமலே தங்கள் வேலையைச் செய்திருந்தன.

சட்டென்று இரண்டையும் அழித்து மேலே நூறு, கீழே ஒன்று என்று மாற்றினார். சேமிக்கும் பொத்தான்மேல் விரல் போய் நின்றது. காலையிலிருந்து எழுபத்து மூன்று பில் போயிருக்கிறது. தையல்காரர் பையில் அறுநூற்று நாற்பது புள்ளி இருக்கிறது. இப்போது ஒரு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்று மாற்றினால், அப்போதுதான் அது அறுநூற்று நாற்பது ரூபாய் ஆகும். தப்பு வந்த வழியில் அல்ல, திருத்தப்போகிற வழியில் கடை முழுகும்!

விரலைப் பாம்பின் மேலிருந்து எடுப்பது போல எடுத்தார். பழையபடி ஒன்றையும் நூறையும் போட்டுவிட்டு, பில் காகிதச் சுருளில் கொஞ்சம் கிழித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அறுநூற்று நாற்பது புள்ளி. நூறு புள்ளிக்கு ஒரு ரூபாய். ஆக ஆறு ரூபாய். மிச்சம் நாற்பது புள்ளி அவர் பெயரில் தங்கும். ஆறு ரூபாய்! நேர்வழியில் போட்டாலும் அதே ஆறுதான். திரும்பவும் போட்டுப் பார்த்தார். நூற்றுக்கு ஒன்று. எப்படிப் புரட்டினாலும் நூற்றுக்கு ஒன்று. படியில் தனியாக உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது.

கீழே தையல்காரர் இன்னும் போகவில்லை.

"இதுக்கு எனக்கு என்னய்யா கிடைக்கும்?"

"ஆறு ரூபாய்" என்றார் சோடாபுட்டி.

தையல்காரர் பில்லை இன்னொரு முறை பார்த்தார். "ஆறு ரூபாயை விடு. எங்கிட்ட அறுநூத்தி நாப்பது இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"எழுநூறாக்கணும்னா?"

"இன்னும் அறுபதுக்கு ஏதாவது வாங்கணும்."

கவுண்ட்டர் பக்கத்துத் தொட்டியிலிருந்து பத்து ரூபாய் துணி கிளிப் பாக்கெட்டுகள் ஆறை அள்ளிக்கொண்டார் தையல்காரர். அவருக்குப் பின்னால் நின்றவர் ஐந்நூற்றுப் பத்தை அறுநூறாக்க ஒன்பது அள்ளினார். அதற்குப் பின்னால் நின்றவர் கூட்டத்துக்கு மேலாகக் கையை நீட்டினார். பக்கத்துக் கட்டடத்தைப் பெருக்குகிற அம்மா முப்பத்தெட்டு ரூபாய்க்குச் சோப்பு வாங்கிக்கொண்டு வாசல் வரை போய், கீழே இறங்கி வந்திருந்த ராக்கெட் அக்காவிடம் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, இதுல முப்பத்தெட்டுப் புள்ளின்னு போட்டிருக்கே. இது என்னோடதா?"

"உங்களோடதேதான்க்கா."

"வேற யாரும் எடுத்துக்க மாட்டாங்கல்ல?"

பில்லை நாலாக மடித்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு போனார். நடையே மாறியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு முதலாளியம்மா உள்ளே வந்தார். வந்தவர் தொட்டி முன்னால் நின்றார்.

"கிளிப் எல்லாம் எங்க போச்சு?"

அக்கா எதையும் மறைக்கவில்லை. விரல், கட்டம், தையல்காரர், காகிதச் சுருள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். முதலாளியம்மா தன் கால்குலேட்டரை எடுத்து மூன்று முறை தட்டிப் பார்த்தார். மூன்றாம் முறை உதடு அசைந்தது.

"நூத்துக்கு ஒண்ணுதான். ஆனா முதல்ல பேசின மாதிரி போட்டிருந்தா, நூத்துக்குக் கீழ வாங்கறவங்களுக்கு ஒண்ணும் போயிருக்காது. அந்தச் சில்லறை நமக்கு மிஞ்சியிருக்கும்."

"ஆமாம்மா. மிஞ்சியிருக்கும். கிளிப்பும் தொட்டியிலயே மிஞ்சியிருக்கும்."

முதலாளியம்மா அவரை உற்றுப் பார்த்தார். "உண்மையைச் சொல்லு. வேணும்னே பண்ணினியா?"

"இல்லம்மா. இவ்வளவு புத்தி இருந்தா வேணும்னே பண்ணியிருப்பேன்."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றப் பார்த்தார், முடியவில்லை. "அப்படியே இருக்கட்டும். கையை வெச்சுக் கெடுத்துடாத. மேல போ."

அக்கா மாடிக்குப் போனார். நீல நாற்காலியின் முதுகைத் தொட்டார். உட்கார்ந்தார். காலால் ஒரு தள்ளு. சுவர், அலமாரி, கண்ணாடி, கீழே கிளிப் இல்லாத தொட்டி, மறுபடி சுவர். இன்னொரு தள்ளு. பன்னிரண்டு வருடமாக நின்ற கால்கள் இரண்டும் தரையைத் தொடாமல் பறந்தன. மூன்றாவது சுற்றில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோடாபுட்டி தலையை அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்பது தெரிந்தது. நான்காவது சுற்றில் கதவருகே முதலாளியம்மா.

அக்கா காலை ஊன்றி நிறுத்தினார். அறை மட்டும் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியது.

"நல்லாச் சுத்துதா?"

"சுத்துதும்மா."

முதலாளியம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பி, யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டார். கைப்பையை மேசைமேல் வைத்தார்.

"கொஞ்சம் எந்திரி" என்றார்.